#நடுகல்லா, #நடுகற்களா, #வேடியப்பனா? ஹேஷ்டேக் பற்றி ஒரு சந்தேகம்

கல்தேடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் நாலு பேர், அரூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை, புளியமரத்தடி, கரும்புக்காடு என்று சுற்றி நடுகற்களை, அதாவது சண்டையில் செத்த வீரர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட கற்களை, படம் எடுத்து இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் போடுகிறோம். மூன்று வருடமாகிறது. படம் எடுப்பதில் இப்போது சண்டை கிடையாது. தேய்ந்த எழுத்து தெரிய வேண்டுமானால் காலை வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும், கல்லில் எண்ணெயோ மாவோ பூசக் கூடாது, இதெல்லாம் பழகிவிட்டது. சண்டை வருவது கடைசியில் அந்த # போடும் இடத்தில்தான்.

ஒருத்தன் #நடுகல் என்கிறான். இன்னொருத்தன் #நடுகற்கள் என்கிறான். எங்களோடு வரும் புலவர் ஐயா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், #வீரக்கல் இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் ஆங்கிலத்தில் #ஹீரோஸ்டோன் போட்டால் கர்நாடகாக்காரர்களும் பார்ப்பார்கள் என்கிறேன், அங்கேயும் இந்தக் கற்கள் நிறைய. (இந்தக் களத்தில் ஆங்கில எழுத்து போட்டால் கத்தரி விழும் என்பதால் எல்லா டேகையும் தமிழிலேயே எழுதுகிறேன், மன்னிக்கவும்.) கடைசியில் யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் போட்டு, கூடவே #கீழடி, #தமிழன்டா, #வரலாறு என்று சேர்த்து மொத்தம் பதினெட்டு. போன வாரம் ஒரு பெரியவர் கமெண்டில் வந்து "தம்பி, கல் நல்லா இருக்கு, கீழே எதுக்கு இத்தனை முள்வேலி?" என்று கேட்டுவிட்டார்.

உண்மையிலேயே யாராவது இந்த டேகைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா? எத்தனை போடலாம், எதைப் போடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாங்காய்த்தொக்கு

தம்பி, உங்கள் பதினெட்டு எனக்கு எம்மாத்திரம். நான் முப்பது போட்டவள். இன்ஸ்டாவில் ஊறுகாய், தொக்கு, பொடி விற்கிறேன். ஆரம்பத்தில் ஒருவர் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லி என்னிடம் 1,999 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பட்டியல் கொடுத்தார், "இந்த முப்பது டேகையும் தினமும் போடுங்கள், பத்து நாளில் வித்தியாசம் தெரியும்" என்று. அதை ஃபோனில் நோட்ஸில் வைத்துக்கொண்டு நார்த்தங்காய்க்கும் அதே முப்பது, பருப்புப் பொடிக்கும் அதே முப்பது என்று ஒட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் யார் தெரியுமா? என்னைப் போலவே முப்பது டேக் போட்டு ஊறுகாய் விற்கிற மற்ற பெண்கள். அவர்கள் என் படத்துக்கு லைக், நான் அவர்கள் படத்துக்கு லைக். ஒரு பாட்டில் விற்கவில்லை.

பின்னால்தான் புரிந்தது. #ஃபுட் என்று போட்டால் அதில் கோடிக்கணக்கான படம் கிடக்கிறது, என் தொக்கு அதில் விழுந்த அடுத்த நொடியே அடியில் போய்விடும். இன்ஸ்டாவின் தலைவர் ஆடம் மொசேரியே ஹேஷ்டேகால் பார்வை பெரிதாகக் கூடிவிடாது என்று சொல்லியிருக்கிறார், அதைக் கேட்ட அன்று அந்த 1,999 ரூபாயை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போது இரண்டே இரண்டு. பண்டத்தின் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று. அந்த ஊர்ப் பெயர் டேகில் மட்டும் இரண்டு வாடிக்கையாளர் வந்தார்கள், இருவரும் ஊரை விட்டு வெளியே இருப்பவர்கள், ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் ஜாடி கண்ணில் பட்டதாம். மற்றதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்த வியாபாரம்.

பழைய_கீச்சன்

2010இல் இருந்து ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) கீச்சிக்கொண்டிருக்கும் கிழவன் என்கிற முறையில் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேஷ்டேகைக் கண்டுபிடித்தது ட்விட்டர் நிறுவனம் இல்லை. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்கிற ஒரு பயனர், குழுக்களுக்கு # குறியை வைத்துக்கொண்டால் என்ன, உதாரணத்துக்கு #பார்கேம்ப் என்று, என ஒரே ஒரு கீச்சில் கேட்டார். அவ்வளவுதான் ஆரம்பம். அவருக்கும் அது புதிதாகத் தோன்றிய யோசனை இல்லை, ஐஆர்சி என்ற பழைய அரட்டைக் களத்தில் அறைகளின் பெயர் #இல் தொடங்கும், அங்கிருந்து எடுத்தார். ட்விட்டர்காரர்கள் இது கணினிப் பைத்தியங்களுக்குத்தான் சரிப்படும், சாதாரண சனம் தொடாது என்று தள்ளிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் காட்டுத்தீ. எந்தத் தெரு எரிகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது என்று எழுதியவர்கள் #சான்டியேகோஃபயர் என்று போட்டார்கள், வெளியே இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். ட்விட்டர் அதைத் தட்டினால் திறக்கும் இணைப்பாக மாற்றியது 2009 ஜூலையில்தான். அதுவரை அது வெறும் எழுத்து, மக்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"பேசி வைத்துக்கொண்ட" என்பதுதான் விஷயம். தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது என்ன சொல்வோம்? கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேர்முட்டிக்கு வந்து நில் என்போம். எல்லாருக்கும் அதே தேர்முட்டி என்றால்தான் பிரயோஜனம். உங்கள் நாலு பேரில் ஒருவர் தேர்முட்டி, ஒருவர் குளத்தங்கரை, ஒருவர் வளையல் கடை, புலவர் ஐயா கொடிமரம். அதனால் "அப்போ நாலு இடத்திலும் நிற்கலாம்" என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

தமிழில் இது நன்றாக நடந்ததற்கு நானே சாட்சி. 2011 ஜனவரியில் தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்டபோது #டிஎன்ஃபிஷர்மேன் என்ற ஒரே டேகில் எல்லாரும் எழுதினோம். அப்போது தமிழ் கீச்சர்கள் எத்தனை பேர் இருந்திருப்போம், தெரிந்த முகங்கள்தான், ஆனால் ஒரே இடத்தில் நின்றதால் ஆங்கிலப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன.

அப்புறம் 2015 டிசம்பர். சென்னை வெள்ளம். ஏர்போர்ட் மூடி, மின்சாரம் போய், ஃபோன் கோபுரங்கள் பாதி செத்து, தி இந்து பேப்பர் 1878இல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக ஒரு நாள் அச்சாகவில்லை. அன்றைக்கு நான் முடிச்சூரில் ஒரு மாடியில், 11 சதவீதம் சார்ஜோடு. #சென்னைஃப்ளட்ஸ் என்று ஒன்று, #சென்னைரெயின்ஸ் என்று ஒன்று, இரண்டிலும் செய்தி, பிரார்த்தனை, அரசியல் சண்டை எல்லாம் கலந்து ஓடியது. அதனால் சில பேர் சேர்ந்து உதவிக்கு மட்டும் #சென்னைரெயின்ஸ்ஹெல்ப் என்று பிரித்தார்கள். தெருத்தெருவாக நிலவரம் சொல்ல #சென்னைமைக்ரோ. படகு, பால் பவுடர், டயாலிசிஸ் நோயாளி என்று அதில் வரும். அதிலும் ஒரு கொடுமை: காலையில் மீட்டாகிவிட்ட ஆளுக்கு ராத்திரி வரை உதவி கேட்டுப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பகிர்ந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். ஆனால் பழைய கீச்சில் நேரம் இல்லை, முடிந்தது என்ற குறிப்பு இல்லை. படகுக்காரர் காலி வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதிலிருந்து டேகை எங்கே, எப்போது போடக்கூடாது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம்.

எதுக்கு_இதெல்லாம்

அண்ணே 2015இலேயே நிற்கிறீர்கள். எக்ஸின் முதலாளியே 2024 டிசம்பரில் ஹேஷ்டேக் போடுவதை நிறுத்துங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எங்கள் சிஸ்டத்துக்கு அது தேவையே இல்லை என்று எழுதிவிட்டார். 2025 ஜூனில் விளம்பரங்களில் ஹேஷ்டேகுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். படத்தில் கல் இருக்கிறதா நாய்க்குட்டி இருக்கிறதா என்று மெஷினுக்கே தெரிகிறது. இப்போது டேக் என்பது இரண்டு கூட்டத்துக்குத்தான், நடிகர் ரசிகர்கள், கட்சி ஐடி விங். சாயங்காலம் ஆறு மணிக்கு டேக் விடுகிறோம், எல்லாரும் ரெடியாக இருங்கள், நம்ம டேக் இதுதான், ஸ்பெல்லிங் மாற்றாதீர்கள் என்று போஸ்டர் அடித்து, ஆளுக்கு ஐம்பது போட்டு, இந்திய அளவில் முதல் இடம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது. கல்லுக்கு இது ஆகாது.

பழைய_கீச்சன்

தம்பி, ரசிகர்களைக் கிண்டல் செய்யும்போதே பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். "ஸ்பெல்லிங் மாற்றாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள் பாருங்கள், அந்த ஒழுங்கு நம் அறிவாளிகளிடம் கிடையாது. டிரெண்டிங் என்பது மொத்த எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டுமில்லை, குறுகிய நேரத்தில் திடீரென்று எவ்வளவு எகிறுகிறது என்பதைப் பார்த்து வருவது, அதனால்தான் அந்த ஆறு மணிக் கணக்கு. தினமும் பத்து பேர் வருடம் முழுக்க #நடுகல் போட்டாலும் அது டிரெண்ட் ஆகாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

யாரும் திட்டமிடாமல் எகிறியதும் உண்டு. 2019 மே 29, காண்ட்ராக்டர் நேசமணி. ஏதோ ஒரு இன்ஜினியரிங் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருவர் போய் இதுதான் நேசமணி தலையில் விழுந்தது என்று வடிவேலு காமெடியை நிஜச் சம்பவம் மாதிரி எழுத, இன்னொருவர் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க, மறுநாள் பிரதமர் பதவியேற்பு வைத்திருக்கும் நேரத்தில் #ப்ரேஃபார்நேசமணி உலக அளவில் ஓடியது. வட இந்தியச் சேனல்காரர்கள் யார் இந்த நேசமணி, எந்த ஆஸ்பத்திரி என்று தேடினார்கள். அன்றைக்கு நான் ஆபீஸில் ஒரு வேலையும் செய்யவில்லை.

நிரல்மணி

மன்னிக்கவும், இவ்வளவு நேரம் யாரும் கவனிக்காத ஒன்று. கல்தேடி, உங்கள் தலைப்பிலேயே மூன்று டேகும் கெட்டுப்போய் இருக்கின்றன. #நடுகல்லா, #நடுகற்களா, #வேடியப்பனா. கேள்விக்குப் போட்ட 'ஆ' டேகுக்குள்ளேயே போய்விட்டது. இதை அப்படியே எக்ஸில் போட்டால் 'நடுகல்லா' என்று ஒரு புது டேக் பிறக்கும், அதில் நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. 'இல்', 'க்கு', 'உடைய' எல்லாம் அங்கே தனிச் சொல்லாகப் பெரும்பாலும் முன்னால் நிற்கும், டேக் தொடப்படாமல் இருக்கும். நமக்கு உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். #நடுகல், #நடுகல்லில், #நடுகல்லை, #நடுகல்லுக்கு, நான்கும் நான்கு டேக். பன்மையில் இன்னும் மோசம், லகரம் றகரமாகிவிடும். 'நடுகல்' என்று தேடுகிறவனுக்கு 'நடுகற்கள்' முன்னொட்டாகக்கூடப் பொருந்தாது. சந்தி வேறு இருக்கிறது. தமிழ்ப்புத்தாண்டு என்று ப் போட்டு ஒரு கூட்டம், ப் போடாமல் ஒரு கூட்டம், நடுவில் அடிக்கோடு போட்டு ஒரு கூட்டம். வருடா வருடம் மூன்று இடத்தில் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

நான் செய்வது இதுதான். டேகை வாக்கியத்துக்குள் வைக்க வேண்டியிருந்தால் உருபைத் தாங்க அடுத்து ஒரு சொல்லை நிறுத்திவிடுவது. "#நடுகல் ஒன்றைப் பார்த்தோம்", "#நடுகல் பற்றி". சில பேர் கோடு போட்டு "#நடுகல்-லில்" என்று எழுதுகிறார்கள், கோட்டோடு டேக் முடிந்துவிடும், வேலை நடக்கும், ஆனால் படிக்கும்போது பல்லில் கல் மாட்டுகிறது. வாக்கியத்துக்குள் வேண்டாம், கடைசியில் தனியாகப் போடுவோம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. புள்ளியும் ஆகாது, "#கி.பி.7" என்று போட்டால் #கி என்பதோடு நின்றுவிடும். வெறும் எண்ணும் எடுக்காது.

இன்னொரு வேடிக்கை. 'நடுகல்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) ஆறு: ந, ட, உகரக் குறி, க, ல, புள்ளி. இதில் உகரக் குறியும் புள்ளியும் 'எழுத்து' என்ற வகையில் வராது, 'குறி' என்ற வகையில் வரும். எழுத்து இருக்கும்வரை டேக், எழுத்து இல்லாதது வந்தால் டேக் முடிந்தது என்று ஒருவர் நிரல் எழுதிவிட்டால் #நடுகல் என்பது #நட என்று நின்றுவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும், எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வழக்கமான ரெகெக்ஸ் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறது. நான் ஒருமுறை தமிழ் டேக்களைத் திரட்ட ராத்திரி முழுக்க ஒன்றை ஓடவிட்டுவிட்டு, காலையில் வந்து பார்த்தால் தமிழர்கள் எல்லாரும் 'நட', 'வ', 'ச' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய தளங்களில் இப்போது இந்தக் கோளாறு இல்லை, குறிகளையும் சேர்த்துத்தான் எடுக்கின்றன. சின்னச் செயலி, சொந்த வலைத்தளம் என்றால் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே இரண்டாக இருப்பவையும் உண்டு. கௌரவம் என்பதைப் பாதிப் பேர் ஒற்றைக் கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று 'கெளரவம்' ஆக்கிவிடுகிறார்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது, டேக் வேறு. ஸ்ரீ அதைவிட மோசம், ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், திரையில் அதே வடிவம்தான் வரும். ஊர்ப் பெயரில் ஸ்ரீ இருந்தால் தயவுசெய்து டேக் ஆக்காதீர்கள்.

எதுக்கு_இதெல்லாம் சொன்னதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன். எக்ஸில் தேடினால் # இல்லாத 'நடுகல்' என்ற சொல்லும் வரும். அப்படிப் பார்த்தால் அந்தக் குறியை விட, சரியான சொல் பதிவில் எங்காவது உருபு ஒட்டாமல் ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆனால் எக்ஸ் மாதிரியே இன்னொரு தளமான மஸ்டோடானில் நிலைமை வேறு, அங்கே வெகுகாலம் டேக் இருந்தால்தான் தேடலிலேயே அகப்படும், டேகையே பின்தொடரவும் முடியும். த்ரெட்ஸில் ஒரு பதிவுக்கு ஒரே ஒரு டேக், அதில் இடைவெளிகூட விடலாம். உங்கள் பதினெட்டை அங்கே கொண்டுபோனால் பதினேழுக்கு வழி கிடையாது.

செவிவழி

எனக்குப் பார்வை கிடையாது, திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கும் திரை வாசிப்பான் வைத்துப் படிக்கிறேன். கல்தேடி, உங்கள் பக்கம் எனக்குத் தெரியும், யாரோ பகிர்ந்து வந்தது. என் காதில் விழுந்ததை அப்படியே சொல்கிறேன்: "ஹேஷ் நடுகல் ஹேஷ் நடுகற்கள் ஹேஷ் வீரக்கல் ஹேஷ் தமிழன்டா..." அது முடிவதற்குள் அடுத்த பதிவுக்குத் தள்ளிவிட்டேன். நீங்கள் டேகை முதலில் போட்டுவிட்டு விவரத்தைக் கீழே எழுதியிருந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் போட்டால் நான் விவரத்தைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன், ஒரு குறையும் இல்லை.

நாலைந்து சொல்லை ஒட்டி ஒரே டேக் ஆக்குவதும் வேண்டாம். கண்ணுள்ளவர்களே தடுமாறுகிறார்கள். 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது ஓடிய #நவ்தாட்சர்ஸ்டெட் என்ற டேகைப் பலர் 'நவ் தட் ஷேர்ஸ் டெட்' என்று தப்பான இடத்தில் பிரித்துப் படித்து, பாடகி ஷேர் இறந்துவிட்டார் என்று அழுதார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், வாசிப்பானும் பிரித்துப் படிக்கும். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, அடிக்கோடுதான் வழி.

கூடவே ஒரு வேண்டுகோள். பதினெட்டு டேக் அடிக்கும் நேரத்தில் படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று வாசிப்பான் படிக்கும் குறிப்பு, எழுதுங்கள். வீரன் எந்தப் பக்கம் பார்க்கிறான், கையில் வில்லா வாளா, உடம்பில் அம்பு பாய்ந்திருக்கிறதா, காலடியில் மாடு இருக்கிறதா, எழுத்து எத்தனை வரி. கல் எனக்கும் வேண்டும்.

கல்தேடி

ஐயா, வெட்கமாக இருக்கிறது. மாற்று உரை என்று ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து. நிரல்மணி சொன்ன எழுத்துக்கூட்டல் பிரச்சினையில் எங்கட பங்கும் இருக்கிறது. நீங்கள் டிக்டாக் என்று எழுதினால் நாங்கள் ரிக்ரொக் என்று எழுதுவோம், பிறமொழிச் சொல் எதுவென்றாலும் இந்த ட–ர வித்தியாசம் வரும். அதனால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் டேக் ஆக்கினால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நடுகல் என்றால் இரண்டு பக்கமும் நடுகல்தான், அது உங்களுக்கு ஒரு வசதி.

ஆனால் தமிழில் போட்டால்தான் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். 2022இல் இஞ்ச நடந்ததைப் பார்த்தனீங்கள்தானே. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொன்ன #கோஹோம்கோட்டா என்பது ஆங்கில எழுத்தில்தான் ஓடியது. அதால்தான் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் ஒரே டேகுக்குள் நின்றார்கள், மூன்று எழுத்தில் மூன்று டேக் என்றால் அது நடந்திராது. ஏப்ரல் 3ஆம் தேதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, சனம் முடக்கத்தைத் தாண்ட விபிஎன் போட்டுக்கொண்டு வந்து எழுதியது. பிறகு கொழும்பு காலிமுகத்திடலில் கூடாரம் அடித்தபோது அந்த இடத்துக்கே கோட்டா கோ கம என்று பெயர் வைத்தார்கள், கம என்றால் சிங்களத்தில் கிராமம். வடக்கில் எங்களில் பலருக்கு அந்தப் போராட்டத்தோடு முழுதாக ஒட்ட முடியவில்லை, அது வேறு கதை, இந்த இழையில் அதைத் தொடக்கினால் விடிந்துவிடும். நான் சொல்ல வந்தது, யாரோடு கதைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கோ. கர்நாடகாக்காரரோடு என்றால் ஆங்கிலம். உங்கட ஊர்ச் சனத்தோடு என்றால் அவர்கள் அந்தக் கல்லை என்னவென்று கூப்பிடுகிறார்கள்?

கல்வெட்டு_மாணவி

பனங்கிழங்கு அண்ணா கேட்டதுதான் நான் கேட்க வந்ததும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஊர்க்காரர்கள் யாரும் நடுகல் என்று சொல்வதில்லை. அது வேடியப்பன். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, குலசாமியாகக் கும்பிடுகிறார்கள். நடுகல் என்பது சங்கப் பாட்டில் இருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில்கூட 'கல்' என்றுதான் வெட்டியிருக்கிறது. உங்கள் தலைப்பில் #வேடியப்பனா என்று சேர்த்துவிட்டுப் பதிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தலைப்பு மட்டும்தான் ஊர்க்காரர் மாதிரி யோசித்திருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் கல்லுக்கு #வேடியப்பன் போட்டுப் பாருங்கள். பெங்களூரில், திருப்பூரில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையன்கள் தங்கள் சாமி பெயரைத்தான் தேடுவார்கள். ஒருவன் வந்து எங்கள் பாட்டி சொன்ன கதை இது என்று கமெண்டில் எழுதினால், அது எங்கள் துறைக்கு உங்கள் நூறு லைக்கை விடப் பெரிது.

இனி திட்டு. #கீழடி எதற்கு? கீழடி சிவகங்கை மாவட்டம், வைகைக் கரை, குடியிருப்பு அகழாய்வு. உங்கள் கல் தென்பெண்ணைப் பக்கம், அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அகழாய்வுச் செய்திக்காக அந்த டேகைப் பார்க்கப் போனால் பாதிக்கு மேல் இப்படித்தான், யாரோ தாத்தா வீட்டு அம்மிக்கல், யாரோ கவிதை, யாரோ துணிக்கடை விளம்பரம். 2020 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் கறுப்புச் சதுரப் படம் போட்டுக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தார்களே, அதில் ஏராளமானோர் #பிளாக்லைவ்ஸ்மேட்டர் சேர்த்துவிட்டார்கள். அந்த டேகில் எங்கே ஊர்வலம், எங்கே மருத்துவ உதவி என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெறும் கறுப்புக் கட்டங்களாக வந்தன, டேகை எடுத்துவிடுங்கள் என்று போராட்டக்காரர்களே கெஞ்ச வேண்டியதாயிற்று. அங்கே நல்லெண்ணமாவது இருந்தது. உங்கள் #கீழடி வெறும் ஆள் பிடிப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஊர்ப் பெயர் டேக். மாங்காய்த்தொக்கு அக்காவுக்கு அது வியாபாரம், உங்களுக்கு ஆபத்து. ஏரிக்கரையில் கேட்பாரில்லாமல் கிடக்கும் கல்லுக்கு #ஊர்ப்பெயர், #ஏரிப்பெயர், கூடவே லொகேஷன் என்று போட்டால், புதையல் இருக்கும் என்று அடியில் தோண்டுகிறவனுக்கும் சிற்பம் விற்கிறவனுக்கும் நீங்களே வழி சொல்கிறீர்கள். தாலுகாவோடு நிறுத்துங்கள். முழு இடக்குறிப்பை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு.

எதுக்கு_இதெல்லாம்

சரி, இந்த ஊர்ப் பெயர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதுவரை ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

கல்தேடி

இரண்டு வாரம் ஆகிவிட்டது, பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

#கீழடி, #தமிழன்டா வகையறா எல்லாம் போயிற்று. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டோம், பழைய பதிவுகளில் இருந்த லொகேஷனையும். ஒரு இடம் ஏற்கெனவே தோண்டிக் கிடப்பதைப் போன ஞாயிறு பார்த்தோம். நாங்கள் போட்ட படத்தால்தானா என்று தெரியாது. ஆனால் நாலு பேரும் திரும்பி வரும்போது பேசிக்கொள்ளவில்லை.

கும்பிடும் கல் மூன்றுக்கு #வேடியப்பன் போட்டோம். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பையன் வந்து, அண்ணா இது எங்கள் சாமி, நீங்கள் செருப்போடு நின்று எடுத்தீர்களா என்று கேட்டான். நிழல் விழுந்ததில் தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். ஆடியில் பொங்கல் வைப்பார்களாம், வரச் சொல்லியிருக்கிறான், செருப்பில்லாமல்.

பெரிய சண்டை மற்றதில்தான். பழைய_கீச்சன் ஐயா சொன்னபடி பேசி வைத்துக்கொள்ளலாம் என்று, எங்களைப் போலவே கல் தேடும் செங்கம் பக்கத்துக் குழு ஒன்றைக் கூப்பிட்டேன். நாம் எல்லாரும் #நடுகல் என்று வைத்துக்கொள்வோம், ஒருமைதான் உருபுக்கும் தேடலுக்கும் வசதி என்று நிரல்மணி சொன்ன அத்தனையையும் ஒப்பித்தேன். அந்த அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம்பி நாங்கள் ஆறு வருடமாக #நடுகற்கள் போடுகிறோம், அறுநூறு சொச்சம் படம் இருக்கிறது, உங்களிடம் எத்தனை என்றார். 212.

நாங்கள்தான் மாறினோம். புலவர் ஐயா இன்னும் #வீரக்கல் போடவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்காக மாற்று உரையில் ஒரு தடவை அந்தச் சொல்லை எழுதிவிடுகிறேன், செவிவழி ஐயா மன்னிக்க வேண்டும். பழைய பதிவுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், நாற்பது முடிந்திருக்கிறது.

நிரல்மணி

றகரத்தோடு போய் ஒப்பந்தம் போட்டு வந்திருக்கிறீர்கள். இருந்தாலும் ஒரே இடம் என்றால் சரி. அந்த 212ஐயும் கையால் திருத்த வேண்டாம், பட்டியலை எனக்கு அனுப்புங்கள், முடிந்த வரைக்கும் ஒரு வழி பார்க்கிறேன்.

மாங்காய்த்தொக்கு

அவர் எழுதும் நிரலை முதலில் ஒரு படத்தில் சோதித்துப் பாருங்கள் தம்பி. 212 கல்லும் 'நட' என்று எழுந்து நடந்துவிடப் போகிறது.